முழு மயக்கமோ, கண்ணை மட்டும் விறைக்க வைக்கிறதோ?

தம்பி, 34 வயசில வலது வாக்குக்கண்ணுக்கு ஒப்பரேசன், முழு மயக்கம் பயம், விறைப்பு ஊசியோட முடிக்கேலாதோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஏலும், ஆனால் எல்லாருக்கும் இல்லை.

ஒரு கண், கண்ணை அசைக்கிற தசையில ஒண்டு ரெண்டு மட்டும், முந்தி வெட்டாத கண் எண்டால் விறைப்பு ஊசியில செய்யலாம். கண்ணைச் சுத்தியோ, வெள்ளை முழியின்ர மேல்தோலுக்குக் கீழ மொட்டைக் குழாயாலயோ மருந்து விடுவினம். நோ பெரிசா இராது, தசையைப் பிடிச்சு இழுக்கேக்க மட்டும் உள்ளுக்க ஒரு அமத்தல் தெரியும். அசையாமல் படுக்க ஏலுமோ எண்டு உங்களையே கேளுங்கோ. ரெண்டு கண்ணும், இல்லாட்டி பழைய தழும்பில திரும்ப வெட்டு எண்டால் முழு மயக்கம்தான் புத்தி.

தசையை இழுத்தால் நெஞ்சுத் துடிப்புக் குறையிறது உண்டு. 1908 இலேயே எழுதி வைச்ச சங்கதி. இழுவையை விட்டால் அநேகமாச் சரிவரும், தேவையெண்டால் துடிப்பைக் கூட்டிற அற்றோபீன் மருந்து குடுப்பினம். ஊசியில செய்தாலும் மொனிற்றர் பூட்டுறது இதுக்குத்தான்.

நான் யாழ்ப்பாணத்தில முழு மயக்கத்தில செய்தனான். மயக்கம் ஒண்டும் செய்யேல்லை, பிறகு வந்த சத்திதான் ஆளை வாட்டிப் போட்டுது. அவசரப்பட்டுக் குடிச்ச பிளேன்ரீ அப்பிடியே வெளியால! இந்த ஒப்பரேசனுக்கு அது வழமை, சத்தி மருந்தை முதலே கேளுங்கோ.

ஒப்பரேசன் முடிஞ்சாப் பிறகு கண் நேரா நிக்கிற மாதிரித் தையல் நூலை இறுக்கித் தளர்த்திற முறையோ எண்டும் டொக்டரைக் கேளுங்கோ. ஊசி போட்டால் விறைப்பு விட்டாப் பிறகுதான் அதைச் சரிபார்க்கலாம். வீட்டில ஆருக்கும் மயக்கத்தில கடும் காய்ச்சல் வந்திருந்தால் மயக்க டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கோ.