கல்லணையும் முக்கொம்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொள்ளிடக் கரையில், அணைக்கரைக்குக் கீழே எங்கள் ஊர். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது எங்கள் வீட்டில் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ‘கரிகாலன் கட்டினது இரண்டாயிரம் வருஷமா நிக்குது, வெள்ளைக்காரன் கட்டினது இருநூறு வருஷம்கூட நிக்கல’ என்பார் சித்தப்பா. ‘காட்டன் துரை இல்லேன்னா தஞ்சாவூருக்கு ஏது சோறு’ என்பார் தாத்தா. கொள்ளிடத்தின் குறுக்கே ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இதே சண்டைதான். ஆங்கிலேயர் நம் ஆறுகளில் செய்ததைக் கொடை என்பதா, கொள்ளை என்பதா? கதவணையால் எங்களுக்கு நல்லதா, கெட்டதா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கல்லணைக்கும் முக்கொம்புக்கும் வேலையே வேறு. காவிரி இரண்டாகப் பிரியும் இடத்தில், வடக்கே போகும் கொள்ளிடத்தின் வாயை அடைத்து நிற்கிறது முக்கொம்பு. வெள்ளம் வந்தால் அதில் பெரும்பங்கு அதன் தலைமேல்தான் போகும். ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்த பிறகு இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்குகிற இடத்தில், காவிரி கொள்ளிடத்துக்குள் சரிந்துவிடாமல் காப்பது கல்லணை. ஒன்று வெள்ளத்தின் பெரும்பங்கை வாங்குகிறது, மற்றது மிச்சத்தை வாங்குகிறது. எது அதிக நாள் நின்றது என்று ஒப்பிடுவதில் நியாயமில்லை.

அப்புறம், கல்லணை ‘நின்றது’ என்பதையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 1804-ல் கேப்டன் கால்ட்வெல் அதன்மேல் கல் வைத்து உயர்த்தினார். 1830 வாக்கில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அதில் மணல் வெளியேறக் கண்களைத் திறந்தார். சில ஆண்டுகளில் மேலே பாலம் வந்தது. காவிரி, வெண்ணாறு தலைப்புகளில், அதாவது ஆறு பிரியும் வாயில், நாம் நின்று படம் எடுத்துக்கொள்கிற மதகுகள் 1880-களின் கடைசியில் கட்டியவை. பழைய கல் இவற்றுக்கெல்லாம் கீழே இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் கை வைத்ததால்தான் அது நிற்கிறது. கரிகாலன் பெயருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. பின்னால் வந்து பழுது பார்த்தவர்களுக்குப் பெயர் இல்லாமல் போனதுதான் குறை.

தாத்தாவின் காட்டனுக்கு வருவோம். 1799-ல் சரபோஜியிடமிருந்து தஞ்சாவூர் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபோது காவிரி நோயாளியாகத்தான் இருந்தது. கடலுக்குப் போக கொள்ளிடத்துக்கு வழி நேராகவும் குறைவாகவும் இருக்கிறது, சரிவும் அதிகம். தண்ணீர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். வேகம் குறைந்த காவிரியில் மணல் தங்கும், படுகை மேடாகும், மேடானால் தண்ணீர் இன்னும் குறையும். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்கித் தலைப்பில் மணல் வாரினார்கள். மூங்கில், தழை, மணல் கொண்டு கொறம்பு என்ற தற்காலிகத் தடுப்பு போட்டார்கள். அடுத்த வெள்ளத்தில் அது போய்விடும். தஞ்சாவூரின் நிலவரி கம்பெனிக்குப் பெரிய வரும்படி. தண்ணீர் குறைந்தால் வரியும் குறையும். காட்டனுக்குப் பணம் கிடைத்தது இந்தக் கணக்கால்தான்.

அவர் மனிதராக எப்படி இருந்தார் என்பது தனி விஷயம். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, அதற்குக் காரணம் அஸ்திவாரம். டெல்டாக் காவிரியில் பாறை கிடையாது, தோண்டத் தோண்ட மணல்தான். பாறை இல்லாத இடத்தில் அணை கட்ட ஐரோப்பியப் படிப்பு அன்றைக்கு அவருக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்லணையின் அடியைத் திறந்து பார்த்தபோது களிமண்ணோடு கிடந்த கரடுமுரடான கல்தான் இருந்தது, சுண்ணாம்புக் கட்டடம் இல்லை. கல்லைக் கொட்டினால் ஆறு அதன் அடி மணலை அரிக்கும், கல் இறங்கும். மேலே இன்னும் கல் கொட்ட வேண்டும், அதுவும் இறங்கும். ஒரு கட்டத்தில் இறங்குவது நிற்கும். ஆற்றின் அரிப்பையே ஆளாக வைத்து அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள்! ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவதை இந்தப் பழைய ஆட்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டனே பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். அந்தப் பாடம் அவரோடு கோதாவரிக்குப் போய், 1847-க்கும் 1852-க்கும் இடையில் தௌலேஸ்வரம் அணையானது. மணலுக்கு அடியில் ஊறிப் போகும் தண்ணீர் ஓர் அணையை எப்படிக் கவிழ்க்கும் என்பதைச் சரியான கணக்காக எழுத, பஞ்சாபில் வேலை பார்த்த பொறியாளர் கோஸ்லா 1936-ல் வர வேண்டியிருந்தது. காட்டன் காலத்தில் எல்லாரும் கல்லைக் கொட்டி, பார்த்து, மறுபடி கொட்டித்தான் ஆற்றைப் படித்தார்கள்.

1836-ல் முக்கொம்பிலும் அணைக்கரையிலும், இரண்டுமே கொள்ளிடத்தின் குறுக்கே, அணைகள் எழுந்தன. அணைக்கரையில் எழுந்ததுதான் உங்கள் பக்கத்துக் கீழணை, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் தருவது. முக்கொம்பில் காட்டன் கட்டியது மணல் போகக் கண்கள் வைத்த ஒரு தாழ்ந்த சுவர். பாலமும் வரிசையாக ஷட்டர்களுமாக நாம் பார்த்தது பின்னால் வந்த வடிவம். சுவர் வேலை செய்தது, தேவைக்கு மேலேயே செய்தது. சில ஆண்டுகளில் காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் பாய ஆரம்பித்து, 1840-களின் நடுவில் காவிரியின் வாயிலும் ஒரு தடுப்பு போட வேண்டி வந்தது. ஒரு கிளையில் கை வைத்தால் மற்றதிலும் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று ஆறு முதல் பத்து வருஷத்திலேயே காட்டிவிட்டது.

கொடையா கொள்ளையா என்று கேட்டீர்கள். வரும்படிக்காகச் செய்த முதலீடு என்பேன். அதில் லட்சக்கணக்கான ஏக்கர் பிழைத்தது உண்மை. ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தில் இரண்டு விஷயங்களுக்குக் கடைசிவரை இடம் சரியாகக் கிடைக்கவில்லை.

முதலாவது, பராமரிப்பு. வாய்க்கால் வெட்டுவதும் கரை பார்ப்பதும் குடிமராமத்தாக ஊர்களிடம் இருந்தது. எல்லாச் சாதிக்கும் சமமான சுமை என்று அதைப் பொன்னாக்க மாட்டேன், மண் சுமந்தவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் எந்த இடத்தில் கரை பலவீனம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அதிகாரம் துறைக்குப் போனதும் ஊர் கை விட்டது. 1858-ல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு, கரை உடையும் நேரத்தில் ஆட்களைப் பிடித்து வேலை வாங்கவும், குடிமராமத்துக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்கவும் அரசு முனைந்தது. வழக்கமாக நடந்துவந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டால், வழக்கம் ஏற்கெனவே செத்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, கொள்ளிடம். வரி வருவது காவிரிப் பக்கம், எனவே கொள்ளிடத்தில் போவதெல்லாம் நஷ்டம். இந்தப் பார்வை வெள்ளைக்காரர் போன பிறகும் நம்மிடம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ‘தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று தலைப்பு வருகிறதே, அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மணலையும் வண்டலையும் கடற்கரைக்குக் கொண்டு போவதும், கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு முகத்தில் உப்புநீர் உள்ளே ஏறாமல் தள்ளுவதும் அந்தத் தண்ணீர்தான்.

1924 பிப்ரவரியில் மைசூரும் மதராஸும் காவிரி நீருக்காக ஒப்பந்தம் போட்டன. அதே வருஷம் ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. மறுவருஷம் தொடங்கி 1934-ல் முடிந்தது மேட்டூர், கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதற்குப் பிறகு வெள்ளம் என்றால் மேட்டூர் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு பரவிவிட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை நிரம்பி நிற்கும்போது, வருவதை அப்படியே கீழே விடத்தான் முடியும். 2018-ல் அது ஜூலையிலேயே நிரம்பிவிட்டது. ஆகஸ்டில் கர்நாடகத்திலிருந்து வந்தது முழுக்க முக்கொம்புக்கு வந்தது, அங்கிருந்து கொள்ளிடத்துக்கு. முதலில் திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பின் 45 கண்களில் ஒன்பது போயின. அரசுத் தரப்பு வயதைச் சொன்னது, விவசாயிகள் மணல் குவாரியைச் சொன்னார்கள். என் எண்ணம் விவசாயிகள் பக்கம். அணையைத் தாண்டி விழும் தண்ணீர் கீழே பள்ளம் தோண்டும், அந்தப் பள்ளம் பின்னோக்கி நகர்ந்து அணையின் அடிக்கு வரும். கீழே படுகை மட்டம் இறங்க இறங்க அந்த விழுச்சி அதிகமாகும். மணலே அஸ்திவாரமாக இருக்கும் இடத்தில் மணலை லாரியில் ஏற்றினால் வேறென்ன நடக்கும்? வயதான சுவருக்கு இன்னும் அதிகக் கவனம் வேண்டுமே தவிர, வயது சமாதானமாகாது.

அந்த வெள்ளத்தின்போதே கடைமடையில் பல ஊர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. இன்னொரு பக்கம் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு மாதிரி கொள்ளிடத்துக்குள்ளேயே இருக்கும் ஊர்களில் ஜனங்கள் ஆடுமாடுகளோடு கரையேறினார்கள். 2022-லும் அதுதான் நடந்தது. முக்கொம்பில் சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்டினார்கள். திட்டு ஊர்களுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தேடிப் பாருங்கள்.

உங்கள் கதவணை நிலத்தடி நீருக்கு நல்லது, கடல்நீர் உள்ளே ஏறுவதும் குறையும். ஆகவே நான் வரவேற்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. ஷட்டருக்குப் பின்னால் மணல் தங்கும், அதை வெள்ளத்தில் எப்போது, யார் திறந்து விடுவார்கள் என்பது எழுத்தில் வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றியதும் கீழ்ப்பக்கத் தளத்தையும் கல் விரிப்பையும் சோதித்து, அறிக்கையை ஊராட்சியில் ஒட்ட வேண்டும். மேலும் கீழும் குவாரிக்கு அனுமதி கூடாது. ராத்திரியில் ஷட்டர் தூக்கினால் திட்டு ஊர்களுக்கு எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் தகவல் வரும், யார் பொறுப்பு என்பதும் தெரிய வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மாதா மாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பதில் என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.