பழைய கட்டடத்தை இடிக்கும்போது கீழே விழுந்த கூகை (ஆந்தை வகை) குஞ்சுகள் கிடைத்தன. இவற்றை வனவுயிர் மையத்தில் எப்படி வளர்ப்பார்கள்? அங்கே சேர்க்கும்வரை பாலும் ரொட்டியும் கொடுக்கலாமா?

பால், ரொட்டி, சோறு எதுவுமே கூடாது. வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கூகைக்கு வேண்டிய நீர் இரையிலிருந்தே கிடைத்துவிடும்.

பழைய கட்டடத்தை இடிக்கும்போது கிடைத்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். அடிபடாத குஞ்சு என்றால் முதல் முயற்சி தாயிடமே சேர்ப்பதுதான். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. அதே வளாகத்தில், உயரமான பாதுகாப்பான இடத்தில் ஒரு மரப்பெட்டியைப் பொருத்தி, மாலையில் குஞ்சுகளை அதில் விட வேண்டும். இரவில் அவை சீறுவதுபோல் இரை கேட்கும். தாய் தந்தை வருகின்றனவா என்று தூரத்திலிருந்து பார்க்கலாம். அவை வரவில்லை என்றால்தான் கையால் வளர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதையும் வீட்டில் செய்யக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தை வளர்ப்பது குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

மையத்துக்கு வந்ததும் செய்வது தீனி கொடுப்பதல்ல, சூடேற்றுவது. குளிர்ந்து கிடக்கும் குஞ்சின் குடல் வேலை செய்யாது. அப்போது இரை போனால் உள்ளேயே அழுகும். கண் திறக்காத குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். அடர்ந்த தூவி வர வர அதைக் குறைத்துக்கொண்டே வரலாம். நீரிழப்பு இருந்தால் கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவார். பெட்டிக்குள் செய்தித்தாள் மட்டும் விரித்தால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் அகன்று கோணலாகிவிடும். மேலே ஒரு துண்டை மடித்துப் போட வேண்டும்.

தீனியில்தான் நல்ல மனம் உள்ளவர்களும் தவறுகிறார்கள். கடைக் கோழிக்கறியை மட்டும் கொடுத்து வளர்த்த குஞ்சு பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் வெறும் சதையில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். சில வாரங்களில் கால் எலும்பு வளையும், சிறகெலும்பு லேசாகப் பட்டாலே முறியும். அதனால் எலும்போடு முழு இரைதான்: வளர்ப்பு வெள்ளை எலி, ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சு, காடை. முதல் சில நாள் தோல், முடி நீக்கி, பொடியாக நறுக்கி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டாவது வாரக் கடைசியில் தோல், முடி நீக்காமலே கொடுக்கலாம். அதன்பின் செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கத் தொடங்கும். அந்த உருண்டை வெளியே வரும்வரை அடுத்த வேளைத் தீனி இல்லை. வேகமாக வளரும் பருவத்தில் ஒரு குஞ்சு நாளுக்கு மூன்று, நான்கு சுண்டெலியைத் தின்னும். தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பார்த்துக் குறித்துவைப்பது கட்டாயம்.

தெருவில் பிடித்த எலியைத் தொடவே கூடாது. எலிமருந்து தின்ற எலியைத் தின்றால் ரத்தம் உறையாமல் கூகையும் சாகும். புறாக்கறியும் வேண்டாம், வாயில் மஞ்சள் படலம் கட்டும் நோய் அதிலிருந்து தொற்றும்.

ஊட்டும்போது இடுக்கியில் இறைச்சியை எடுத்து அலகின் பக்கவாட்டில் மெல்லத் தடவ வேண்டும். கூகைக்கு மிக அருகில் இருப்பது தெளிவாகத் தெரியாது. அலகோரத்து முள்மயிரில் பட்டதும் தலையைத் திருப்பிக் கவ்வும்.

இதைவிடக் கடினமானது குஞ்சு நம்மைத் தாயாக நினைத்துவிடாமல் காப்பது. கண் திறந்த பிறகு வரும் வாரங்கள்தான் ஆபத்து. துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு, பேசாமல், கூகைத் தலை போன்ற கையுறையின் வழியே ஊட்டுவார்கள். ஒற்றைக் குஞ்சு என்றால் அதே வயதுக் குஞ்சுகளோடு உடனே சேர்ப்பார்கள். செல்பி எடுப்பது, மடியில் வைத்துக் கொஞ்சுவது எல்லாம் அதற்குச் செய்யும் கொடுமை. மனிதரோடு ஒட்டிப்போன கூகை வளர்ந்தபின் இரை கேட்டு ஆட்களை நோக்கிப் பறந்து வரும். நம் ஊரில் ஆந்தையை அபசகுனம் என்று அடிப்பவர்களும் மாந்திரீகத்துக்காகப் பிடிப்பவர்களும் இருக்கும்போது அது எத்தனை நாள் பிழைக்கும்? அதை வெளியே விடவே முடியாது. ஆயுள் முழுக்கக் கூண்டுதான்.

ஏறத்தாழ எட்டு, ஒன்பது வாரத்தில் பறக்கும். அப்போது பெரிய பறவைக் கூடத்துக்கு மாற்றுவார்கள். பக்கங்களில் கம்பிவலை இருந்தால் அதில் மோதி இறகுநுனி ஒடியும். மரச்சட்டம் அல்லது மூங்கில்தான் சரி. உட்காரும் கிளைகள் ஒரே தடிமனில் இருந்தால் பாதம் புண்ணாகும்; வெவ்வேறு தடிமனில் வைத்து, சிலவற்றில் தேங்காய்நார்க் கயிறு சுற்றுவார்கள். சத்தமின்றிப் பறக்கிறதா, உயிருள்ள இரையைத் தானே பிடிக்கிறதா, ஆளைக் கண்டால் விலகுகிறதா என்ற மூன்றும் தேறினால் விடுவிக்கலாம். ஒரேயடியாகத் துரத்திவிடுவதில்லை. வயல் ஓரத்தில், எலிமருந்து வைக்காத பகுதியாகப் பார்த்துக் கூடுபெட்டி வைத்து, சில நாள் உள்ளேயே பழக்கி, அந்தி சாய்ந்ததும் கதவைத் திறப்பார்கள். வேட்டை கைகூடும்வரை பெட்டியில் இரவுதோறும் இரை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். வைத்தது தொடர்ந்து மீந்துபோனால் நிறுத்திவிடலாம்.