ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் குயிசெப் ஆற்றை நம்பி மரங்களும் மனிதர்களும் எப்படி வாழ்கிறார்கள்?

தண்ணீர் கண்ணில் படாது, அவ்வளவுதான். அது மணலுக்கு அடியில் இருக்கிறது.

நமீபியாவின் குயிசெப், தலைநகர் விண்ட்ஹூக்கை ஒட்டிய கோமாஸ் மேட்டுநிலத்தில் பிறக்கிறது. மழை பெய்வது அங்கேதான். கடலோரத்தில் ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர்கூடத் தேறாது. கோடையில் மலையில் கொட்டும் மழை வெள்ளமாக இறங்கும்போது, ஆற்றுமணல் அதைக் குடித்துக்கொண்டே வரும். அதனால் வெள்ளம் கடலைத் தொடுவது அபூர்வம். வீணாகவில்லை, சேமிப்பாகிறது. வால்விஸ் பே துறைமுக நகரம் பல காலமாக ரூய்பேங்க் பகுதிக் கிணறுகளிலிருந்து எடுத்துக் குடிப்பது இந்தச் சேமிப்பைத்தான்.

வெள்ளத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தெற்கிலிருந்து காற்று தள்ளிவரும் மணலை அது அடித்துச் செல்கிறது. அதனால்தான் ஆற்றின் தென்கரையில் மாபெரும் மணற்குன்றுகள், வடகரையில் கல்பாவிய சமவெளி: 1962 முதல் கோபாபெப் ஆய்வு நிலையம் இருக்கும் இடத்தில் நின்றால் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். நடுவே பச்சைக்கோடாய் ‘ஆனா’ என்ற வகை மரங்களும் ஒட்டகமுள் மரங்களும்.

எனக்கு மிகப் பிடித்தது நாரா செடி. இலையே கிடையாது, பச்சை முள்ளும் தண்டுமே உணவு தயாரிக்கும், வேர் நிலத்தடி நீர்வரை இறங்கும். இந்த ஆற்றங்கரையில் வாழும் டோப்னார் மக்கள் அதன் முள்ளுக்காயைப் பறித்து, சதையைக் காய்ச்சி, விதையை வடித்துக் காயவைப்பார்கள். ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவோரும் கிணற்றில் அளவின்றி இறைப்போரும் கைவைப்பது இவர்கள் சோற்றில்.