காற்று வருமுன் வீட்டில் என்ன இருக்க வேண்டும்?

நவம்பர் 1 முதல் மே 15 வரை மொரிஷியஸில் நமக்குப் புயல் காலம். இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் பணத்தைச் சுற்றியே இருந்தன: கையில் மிச்சமே இல்லாத வீட்டில் எதைச் சேர்த்து வைப்பது? அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"நான், கணவர், இரண்டு பிள்ளைகள். வாடகை வீடு. இருபதாம் தேதியோடு சம்பளம் தீர்ந்துவிடும். கிளாஸ் 1 புயல் எச்சரிக்கை சொன்னதும் எல்லோரும் வண்டி நிறைய வாங்குகிறார்கள். நான் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். என்ன செய்வது?" (ரோஸ் ஹில் வாசகி)

கிளாஸ் 1 அன்று கடைக்குப் போகவே தேவையில்லாத நிலைக்கு வரவேண்டும். அந்த அறிவிப்பு வந்தால், 120 கிலோமீட்டர் வேகக் காற்று அடிக்க இன்னும் 36 முதல் 48 மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலைக் கட்டவும், முற்றத்தில் கிடப்பதை உள்ளே எடுத்துப் போடவும், தண்ணீர் பிடிக்கவும் அந்த நேரம் சரியாகப் போய்விடும். சாமான் சேர்க்க வேண்டிய மாதங்கள் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்.

வாரம் 100 ரூபாய் ஒதுக்க முடியுமா பாருங்கள். 12 வாரத்தில் 1,200 ரூபாய் ஆகிறது. நூறு முடியாவிட்டால் ஐம்பது. ஒரு வாரம் பருப்பு, அடுத்த வாரம் எண்ணெய், அதற்கடுத்த வாரம் இரண்டு டின் சார்டின், அப்புறம் உப்பு, தீப்பெட்டி, டீத்தூள், பால் பவுடர். எதையும் மொத்தமாக வாங்க வேண்டாம். உங்கள் நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு 5 கிலோ அரிசி, 1 கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் போதும். அரசு மானியத்தில் கிடைக்கும் ரேஷன் அரிசியை வாங்கத் தயங்காதீர்கள். பருப்போடு சேர்த்துக் கிச்சடியாகக் குழைய வேகவைத்தால் பிள்ளைகள் கேட்டுச் சாப்பிடுவார்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் தினமும் சாப்பிடுவதை மட்டுமே சேர்த்து வையுங்கள். சில வருஷங்களுக்கு முன் மலிவு விலையில் கிடைக்கிறதே என்று பன்னிரண்டு டின் மக்காச்சோளம் வாங்கினேன். எங்கள் வீட்டில் அதை யாரும் தொடுவதில்லை. தேதி முடிந்து ஒன்பது டின்னைத் தூக்கி எறிந்த அன்று எனக்கு மனசே சரியில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல டார்ச் வாங்கியிருக்கலாம். இப்போதெல்லாம் புதிதாக வாங்குவதை அலமாரியின் பின்வரிசையில் வைக்கிறேன், சமைக்க முன்வரிசையிலிருந்து எடுக்கிறேன். எடுத்ததை அடுத்த சந்தை நாளில் ஈடு செய்கிறேன். மே மாதம் முடிந்ததும் எல்லாம் சமையலில் கரைந்துவிடும், ஒரு ரூபாயும் வீணாகாது.

காய்கறி விஷயமும் உண்டு. காற்று அடித்த மறுநாள் கீரையும் தக்காளியும் சந்தையில் இருக்காது. இருந்தாலும் விலை கைக்கு எட்டாது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, வெட்டாத முழுப் பூசணிக்காய், இவை ஃபிரிட்ஜ் இல்லாமலே வாரக்கணக்கில் கெடாது. முருங்கை மரம் இருந்தால் புயலுக்கு முன் கிளையைக் கழித்துவிடுங்கள். மரமும் முறியாது, அன்றைக்குக் கீரையும் ஆச்சு.

விலை கூடிய பொருள்களுக்கு டிசம்பரில் வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்துக்குக் காத்திருங்கள். அதில் முதல் இடம் சார்ஜ் ஏறும் எல்இடி விளக்குக்கு, இரண்டாவது பேட்டரி ரேடியோவுக்கு. மூன்றாவது, முடிந்தால், இன்னொரு கேஸ் சிலிண்டர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

"மாடியில் தொட்டி இருக்கிறது. அது போதாதா? பாட்டில் தண்ணீர் வாங்க வசதியில்லை." (திரியோலே வாசகர்)

பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. ஆனால் தொட்டியை மட்டும் நம்பாதீர்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். குடிக்க, சமைக்க, முகம் கழுவ அது போதும். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். ஒன்றரை லிட்டர் குளிர்பான பாட்டில் 32 இருந்தால் கணக்கு முடிந்தது. விசேஷ வீட்டில் குப்பைக்குப் போகும் காலி பாட்டில்களைக் கேட்டு வாங்குங்கள். சோப்பு போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீர் நிரப்பி, தேதி எழுதி, கட்டிலுக்கு அடியில் வெயில் படாமல் படுக்க வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பால், ஜூஸ் இருந்த பாட்டில் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் மூலையில் மிச்சம் ஒட்டியிருக்கும், தண்ணீர் நாறிவிடும்.

தொட்டியைப் பற்றி: காற்றுக்கு முன் அதை முழுக்க நிரப்புங்கள். காலித் தொட்டி லேசாக இருப்பதால் காற்றுக்குப் பெயர்ந்துவிடும். பலரும் மறப்பது இதற்குப் பிறகுதான். கனமழைக்குப் பின் குழாயில் செம்மண் கலங்கிய தண்ணீர் வரும். உள்ளே வரும் குழாயின் வால்வை மழைக்கு முன்பே மூடிவிடாவிட்டால், அந்தச் சேறு நீங்கள் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் கலந்துவிடும். 1994 பிப்ரவரி 10 அன்று ஹொலாந்தா புயல் அடித்தபோது எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. மறுநாள் காலையில் குழாயைத் திறந்தேன். டீ நிறத்தில் தண்ணீர், அடியில் விரல் கனத்துக்கு மண். மாமியார் வேட்டியை நாலாக மடித்து தெக்சிப் பாத்திரத்தின் வாயில் கட்டி வடிகட்டி, அப்புறம் கொதிக்க வைத்தார். பத்து நாளைக்கு மேல் அதே வேலை. வால்வை மூட ஒரு நிமிஷம் போதும்.

சந்தேகமான தண்ணீரைத் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொப்புளித்துக் கொதித்த பின் இன்னும் ஒரு நிமிஷம் அடுப்பிலேயே விடுங்கள். கேஸ் இல்லையென்றால் ஜாவெல், அதாவது துணி வெளுக்கும் குளோரின் திரவம். வாசனை, நிறம், சோப்பு எதுவும் சேராத வெறும் ஜாவெலாக இருக்க வேண்டும். லேபிளில் 5 அல்லது 6 சதவீதம் என்று இருந்தால் தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கலுக்கு 4 சொட்டு விட்டுக் கலக்கி, 30 நிமிஷம் கழித்துக் குடிக்கலாம். லேபிளில் அளவு போடாத ஜாவெலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வருஷக்கணக்கில் மூலையில் கிடந்த பாட்டிலும் வேண்டாம், அதன் வீரியம் போயிருக்கும்.

பிடித்து வைத்த வாளி, டிரம் எல்லாவற்றுக்கும் மூடி அவசியம். 2005, 2006இல் சிக்குன்குன்யா இந்தத் தீவை என்ன பாடு படுத்தியது என்று நினைவிருக்கும். அந்தக் கொசு வீட்டுத் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

"எங்கள் ஊரில் எப்போதும் ஈரம். அரிசி, மாவு எல்லாவற்றிலும் வண்டு. சேர்த்து வைக்கவே பயமாக இருக்கிறது." (கியூர்பிப் வாசகி)

கியூர்பிப் மழை எனக்கும் தெரியும், உங்கள் பயம் நியாயமானதுதான். பெரும்பாலும் வண்டின் முட்டை கடையிலிருந்தே அரிசியோடு வருகிறது. வாங்கிய பையை அப்படியே ஃபிரீசரில் நான்கு நாள் வையுங்கள், முட்டை செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்து, வெளியில் வியர்த்த ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் கொட்டுங்கள். ஃபிரீசரில் இடமில்லாதவர்கள் வெயில் வரும் நாளில் வெள்ளைத் துணியில் மெல்லிசாகப் பரப்பலாம். வண்டு நிழலைத் தேடி ஓரத்துக்கு ஓடும். காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடுவது வழக்கம்தான், போடுங்கள். ஆனால் மூடி தளர்ந்திருந்தால் அவற்றால் காப்பாற்ற முடியாது. மாவு அதிகம் வாங்காதீர்கள். அரிசியைவிட மாவு சீக்கிரம் கெடும். கியூர்பிப்பில் இரண்டு கிலோவுக்கு மேல் நான் வைக்கமாட்டேன்.

"கரண்ட் போனால் ஃபிரீசரில் இருக்கும் கோழி, மீன் எத்தனை நாள் தாங்கும்?" (வாக்வாஸ் வாசகர்)

நிறைந்த ஃபிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், 48 மணி நேரம். பாதி நிறைந்தது 24 மணி நேரம். சாதாரண ஃபிரிட்ஜ் 4 மணி நேரம்தான். ஆகவே காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வையுங்கள். குளிர்ச்சியும் நிற்கும், உருகினால் குடிக்கவும் ஆகும். பாட்டிலை முக்கால் மட்டும் நிரப்புங்கள், இல்லாவிட்டால் வெடித்துவிடும்.

ஒரு சின்ன கிண்ணத்தில் தண்ணீர் உறைய வைத்து அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். பிறகு திறக்கும்போது காசு மேலேயே இருந்தால் சரி. அடியில் போய் உறைந்திருந்தால், நடுவில் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. கோழியைத் தூக்கிப் போடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கெட்டது எல்லாம் நாறாது.

"தைப்பூசக் காவடி விரதம் புயல் காலத்திலேயே வருகிறது. டின் மீன் தொடமாட்டோம். எதைச் சேர்ப்பது?" (ஃபிளாக் வாசகி)

விரத வீட்டுக்குச் சேர்த்து வைப்பது இன்னும் சுலபம். மற்ற வீடுகளுக்கு மீனும் கறியும் கெட்டுப்போகும் கவலை. உங்களுக்கு வேண்டியதெல்லாம் பருப்பும் பயறும். துவரம்பருப்பு, கறுப்பு லாந்தி (கறுப்புப் பருப்பு), கொண்டைக்கடலை, குரோ புவா (பெரிய வெள்ளை அவரை விதை), இவற்றில் நான்கைந்து கிலோ காய்ந்த நிலையில் வருஷம் முழுக்கக் கிடக்கும். ஆனால் கேஸைக் கவனியுங்கள். குரோ புவாவை ஊறவைக்காமல் அடுப்பில் ஏற்றினால் சிலிண்டர் காலியாகிவிடும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் குக்கரில் வையுங்கள். மசூர் போல உடைத்த பருப்புக்கு ஊறலே தேவையில்லை, அதனால் மின்சாரமும் கேஸும் குறைவான நாளைக்கு அதை ஒதுக்குங்கள்.

அரிசியில் மிச்சம் பிடிக்க இன்னொரு வழி. தண்ணீர் நன்றாகக் கொதித்து அரிசி ஐந்து நிமிஷம் வெந்ததும், மூடியோடு இறக்கி, பழைய போர்வையில் சுற்றி ஒரு பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும்.

புளி, ரசப்பொடி, வெல்லம், அவல் இருக்கட்டும். அவலை நனைத்தால் போதும், அடுப்பே வேண்டாம். நவம்பர், டிசம்பரில் மாங்காய் மலிவாகக் கிடைக்கும்போது அசார் (ஊறுகாய்) போட்டு வையுங்கள். உப்பில் ஊறவைத்து, வெயிலில் சுருளக் காயவைத்து, கடுகும் மஞ்சளும் மிளகாயும் சேர்த்து, எண்ணெய் மேலே நிற்கும்படி. ஈரக் கரண்டி போடாத பாட்டில் தைப்பூசம் தாண்டியும் இருக்கும். வெறும் சோற்றை இறக்க அதைவிட வேறென்ன வேண்டும்?

"அம்மாவுக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் நின்றால் என்ன செய்வது?" (போ பாசேன் வாசகர்)

முதலில் பதற்றப்பட வேண்டாம். இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாட்டில் அல்லது பேனா 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை நன்றாகவே இருக்கும். உங்கள் மருந்தின் தாளில் உள்ள நாள் கணக்கை ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்காத பாட்டில்களை வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் போட்டு, உறைந்த பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பனிக்கட்டி நேரடியாகப் படக்கூடாது. உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் பயன்படாது. மண்பானையில் ஈர மணல் போட்டு வைக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். காய்ந்த ஊரில் அது நன்றாக வேலை செய்யும், புயலின் ஈரக்காற்றில் பானை அவ்வளவாகக் குளிராது. அதை மட்டும் நம்பாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம் என்பதால் நம்மில் பலர் தீரும் நாள் வரை காத்திருந்து போகிறோம். புயல் காலத்தில் மாத்திரை பத்து நாளைக்கு மீதம் இருக்கும்போதே போய்விடுங்கள். ஊசி, சீட்டு, மருத்துவ அட்டை எல்லாம் ஒரே பையில், அம்மாவின் கட்டில் பக்கத்தில்.

"தாழ்வான இடம், மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர். எங்கே சேர்த்து வைப்பது?" (ஃபோன் து சாக் வாசகி)

உயரத்தில். அலமாரியின் மேல்தட்டு, முடிந்தால் பக்கத்து மாடி வீட்டில் ஒரு பெட்டி. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டுங்கள். உங்களுக்கு நிறைய சாமானைவிடத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஒரு பை முக்கியம். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் வெள்ளம் வந்தபோது புயலே இல்லை, சில மணி நேர மழைதான். 11 பேர் இறந்துபோனார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்த அன்றும் தெருவில் கார்கள் மிதந்தன. தண்ணீர் ஏறினால் சாமானைப் பார்க்காதீர்கள், பையையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போங்கள்.

"கேஸ் தீர்ந்தால் வீட்டுக்குள் கரி அடுப்பு வைக்கலாமா? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்?" (மாயேபூர் வாசகர்)

வேண்டாம். ஜன்னல் திறந்திருந்தாலும் வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். ஜெனரேட்டரும் அப்படியே, வராண்டாவில்கூட வைக்காதீர்கள். அந்த ஒரு நாளைக்கு பிஸ்கட், அவல், டின் போதும்.

"காற்று திடீரென்று நின்றுவிட்டால் கூரையைப் பார்க்க வெளியே போகலாமா?" (கூட்லண்ட்ஸ் வாசகர்)

போகாதீர்கள். அது புயலின் கண்ணாக, அதாவது காற்று ஓய்ந்திருக்கும் நடுப்பகுதியாக இருக்கலாம். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் வந்தபோது கண் நம் தீவின் மேலேயே கடந்தது. காற்று நின்றது, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப அடித்தது. முன்பு ஒதுக்குப்புறமாக இருந்த சுவர்தான் அப்போது அடி வாங்கும். ரேடியோவில் எச்சரிக்கை நீக்கப்பட்டது என்று சொன்ன பிறகு கதவைத் திறங்கள். அறுந்து கிடக்கும் கம்பி எதையும் தொடாதீர்கள்.