ராசி எண் 293318625600

கேள்வி: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்ற எண்ணைக் கணிதமேதை ராமானுஜனே தவறவிட்டுவிட்டாராமே? இலக்கங்களைக் கூட்டினால் 9 வருகிறது. இவ்வளவு ராசியான எண் அவர் கண்ணில் படாமல் போனது எப்படி? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: வந்துவிட்டாரய்யா ராசிக்காரர்! நம் பத்திரிகையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு ‘ஏ’ சேர்த்துக்கொள்ளுங்கள், கூட்டுத்தொகை 9 வரும், விற்பனை பிய்த்துக்கொண்டு போகும் என்று எனக்கும் ஒரு எண்கணித நிபுணர் ஓதினார். ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டி 9 வந்தால், அந்த எண் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். அவ்வளவுதான் சங்கதி. வரிசையாக ஒன்பது எண்களை எடுத்தால் அதில் ஒன்று கட்டாயம் அப்படி இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஓசியில் சொல்லித்தருவதற்கு இவர் தட்டில் பணம் வைக்கச் சொன்னார். நான் ‘ஏ’ சேர்க்கவில்லை. விற்பனையும் ஏறவில்லை என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அது உண்மையாகவும் இருந்து தொலைக்கிறது.

உங்கள் எண்ணின் பெருமை வேறு. அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 5040 உண்டு. அதைவிடச் சிறிய எண் எதற்கும் இத்தனை கிடையாது. பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை வரும். தடவைகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. சரியாக 5040. இந்த ஜாதி எண்களில் 102-ஐ ராமானுஜன் 1915-ல் ஒரு கட்டுரையில் பட்டியல் போட்டார், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில். ஒன்று விட்டுப்போனது. நமக்கு அந்த ஒன்றுதான் கண்ணில் படுகிறது!

5040-க்கும் பழைய கீர்த்தி உண்டு. தன் கனவு நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்கட்டும் என்றார் பிளேட்டோ. 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடுவதால் நிலமோ வரியோ படையோ, பங்கு பிரிப்பது சுலபம். 12 வரை பார்த்தால் 11 மட்டும் மக்கர் பண்ணும். இரண்டு வீட்டைக் கழித்தால் 5038, அதுவும் வகுபட்டுவிடும் என்று சமாளித்தார். அந்த இரண்டு வீட்டுக்காரர்களைக் கேட்டாரா, தெரியாது.

எனக்குப் பிடித்த சேதி இன்னொன்று. அந்தக் கட்டுரையை வெளியிட்ட லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பணமுடை. செலவைக் குறைக்க ராமானுஜன் ஒரு பகுதியை எடுத்துவிட்டார். அது 1997-ல்தான், அவர் பெயரிலேயே வரும் கணித இதழில், அச்சேறியது. 82 வருஷம்! ‘என் சிறுகதை என்ன ஆயிற்று?’ என்று மாதாமாதம் கார்டு போடும் எழுத்தாள நண்பர்களே, உங்களில் யாருக்கும் இன்னும் 82 ஆகவில்லை.