அபிவிருத்திக் கற்கை படிக்கலாமா? யாழ்ப்பாணத்துக் கேள்விகளும் என் பதில்களும்

அபிவிருத்திக் கற்கை (சர்வதேச அபிவிருத்தி என்றும் சொல்வார்கள்) பற்றி என்ன சந்தேகம் என்றாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு, நினைத்ததை விடக் கூடுதலாகவே கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன். என்னைப் பற்றி இரண்டு வரி: யாழ்ப்பாணம் கம்பஸில் புவியியல், பிறகு உதவித்தொகையில் வெளிநாட்டில் அபிவிருத்திக் கற்கையில் முதுமாணி, இப்போது வன்னியில் வாழ்வாதாரத் திட்டங்களில் வேலை.

கேள்வி (உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்திருக்கும் மாணவி, சாவகச்சேரி): அக்கா, சர்வதேச அபிவிருத்தி என்றால் உண்மையில் என்னதான் படிப்பிப்பார்கள்? பொருளியலா, அரசியலா, சமூக சேவையா?

பதில்: தங்கச்சி, சமூக சேவை இல்லை. அதை முதலில் மறந்துவிடுங்கள். ஒரு நாடோ ஊரோ ஏன் ஏழையாக இருக்கிறது, அதை மாற்ற யார் என்ன செய்தார்கள், அது ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்பதுதான் பாடம். பொருளியல், அரசியல், புவியியல், மானிடவியல் எல்லாவற்றிலிருந்தும் எடுப்பார்கள்.

முதலில் வரலாறு வரும். 1949இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் பதவியேற்பு உரையில் பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி என்று அறிவித்ததிலிருந்து பல விரிவுரையாளர்கள் தொடங்குவார்கள். 1960இல் ரோஸ்டோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர், எல்லா நாடுகளும் ஒரே ஐந்து கட்டங்களைத் தாண்டித்தான் வளரும் என்றார். இலத்தீன் அமெரிக்காவிலிருந்து பிரெபிஷ் போன்ற பொருளியலாளர்கள், மூலப்பொருளை விற்று இயந்திரத்தை வாங்கும் நாடு எப்படி மேலே வரும் என்று கேட்டார்கள். தேயிலை விற்கும் நாட்டில் இருக்கும் நமக்கு இது விளங்க அதிக நேரம் எடுக்காது. அப்புறம் இந்தியப் பொருளியலாளர் அமர்த்தியா சென், 1990இல் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று கொண்டுவந்த, வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளக்கும் மனித அபிவிருத்திச் சுட்டி. வருமானம் குறைவாக இருந்தும் ஆயுளும் எழுத்தறிவும் உயர்ந்த இடங்களுக்குச் சென் காட்டும் உதாரணங்களில் கேரளத்தோடு இலங்கையும் வரும்.

என்னை இந்தப் பக்கம் இழுத்தவர் டட்லி சீயர்ஸ் என்ற ஆங்கிலேயர். சசெக்ஸில் 1966இல் தொடங்கிய அபிவிருத்திக் கற்கை நிறுவகத்தின் முதல் பணிப்பாளர். நாட்டு வருமானம் கூடியதா என்று மட்டும் பார்க்காதீர்கள், வறுமைக்கு என்ன நடந்தது, வேலையின்மைக்கு என்ன நடந்தது, ஏற்றத்தாழ்வுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள் என்றவர். 1971இல் சர்வதேச தொழில் அமைப்பின் குழுவுக்குத் தலைமை தாங்கி இலங்கைக்கு வந்தார். படித்த இளைஞர்கள் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் இடையிலான தூரம்தான் அந்தக் குழுவின் அறிக்கையின் மையம். அரை நூற்றாண்டு போய்விட்டது. இன்றைக்கும் வேலையில்லாப் பட்டதாரிகள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் பந்தல் போட்டு உட்காருகிறார்கள்.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமென்றால் நம் தண்ணீரைப் பாருங்கள். குடாநாட்டில் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அதிலும் தோட்டத்து உரத்தாலும் மலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று கலந்திருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் போட்டார்கள். எங்கள் வயலுக்கு என்ன கதி என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். திட்டம் கடல்நீரைக் குடிநீராக்குவதற்கு மாறியது. தாளையடியில் ஆலை கட்டத் தொடங்கியதும், வெளியேறும் உப்புநீர் மீனைப் பாதிக்கும் என்று கடற்றொழிலாளர்கள் எதிர்த்தார்கள். 2024இல்தான் அது திறக்கப்பட்டது. யாருடைய தண்ணீர், யாருடைய கடன், யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்? இந்த மூன்றையும் ஆறுதலாக இருந்து யோசிக்கப் பிடிக்கும் என்றால் இந்தப் படிப்பு உங்களுக்குத்தான். பொறியியல் விடை மட்டும் போதும் என்று தோன்றினால் வேறு பாடம் பாருங்கள், குறையில்லை.

கேள்வி (மாணவர், உரும்பிராய்): முதல் பட்டமாகவே இதை இங்கிலாந்தில் படிக்க ஆசை. செலவுக்குக் காணியில் ஒரு துண்டை விற்கலாம் என்று அப்பா சொல்கிறார்.

பதில்: விற்க வேண்டாம் தம்பி. அப்பாவிடமும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இது முதுமாணியில் எடுக்க வேண்டிய பாடம் என்பது என் உறுதியான எண்ணம். பதினெட்டு வயதில் எடுத்தால் எல்லாவற்றைப் பற்றியும் கொஞ்சம் பேசத் தெரியும், ஒன்றையும் செய்யத் தெரியாது. முதல் பட்டத்தை இலவசமாக இங்கே படியுங்கள். பொருளியல், புள்ளிவிபரவியல், புவியியல், சமூகவியல், எதுவும் சரி. பிறகு இரண்டு வருடமாவது வேலை. அதன் பிறகு உதவித்தொகையில் முதுமாணி. அங்கே ஒரு வருட முதுமாணிக்கே வெளிநாட்டு மாணவரிடம் 20,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் இடங்கள்தான் அதிகம். அதை ரூபாயாக்கி, இங்கே ஒரு கள உத்தியோகத்தரின் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். காணி திரும்பி வராது.

கேள்வி (விவசாய பீடம், அறிவியல் நகர்): நான் கலைப்பீடம் இல்லை. மாற விடுவார்களா?

பதில்: விடுவார்கள், விரும்பியும் எடுப்பார்கள். மண், நீர், பயிர் தெரிந்த ஒருவர் கொள்கையும் படித்துவிட்டு வந்தால் திட்டக் கூட்டங்களில் அவரை ஏமாற்ற முடியாது. விண்ணப்பக் கடிதத்தில் ஏன் இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்பதை ஒரு பந்தியில் தெளிவாக எழுதினால் போதும்.

கேள்வி (பலர்): உதவித்தொகை எவை? அனுபவம் இல்லாமல் கிடைக்குமா?

பதில்: நான்கைந்து கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு.

செவனிங், பிரித்தானிய அரசினுடையது. ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவும் தருவார்கள். 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், ஏறக்குறைய இரண்டு வருடம். முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். வழமையாக ஓகஸ்டில் திறந்து ஒக்ரோபரில் மூடிவிடும். கட்டுரைகளில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். தலைமைத்துவம் பற்றிக் கேட்டால் பாடசாலையில் மாணவர் தலைவராக இருந்ததை எழுதுகிறார்கள். சனசமூக நிலையத்துக் கணக்கு வழக்கில் பிரச்சினை வந்தபோது கூட்டம் கூட்டி அதைத் தீர்த்ததை எழுதுங்கள். முடிவில் என்ன மாறியது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பொதுநலவாய உதவித்தொகைகளில் ஒரு பிரிவு, சொந்தச் செலவில் படிக்க வசதியில்லாத, நல்ல வகுப்புச் சித்தியுள்ளவர்களுக்கானது. ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் உதவித்தொகையில் அபிவிருத்தி சார்ந்த முதுமாணிகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கும் இரண்டு வருட அனுபவம் வேண்டும், பட்டம் ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. பிள்ளை பெற்று, வீட்டைப் பார்த்து, ஆறுதலாக விண்ணப்பிக்கலாம் என்றிருக்கும் தங்கச்சிமார் இந்த ஆறு வருடத்தைக் கவனியுங்கள்.

அனுபவமே இல்லையா? ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையைப் பாருங்கள். இரண்டு மூன்று ஐரோப்பிய நாடுகளில் மாறி மாறிப் படிப்பது, மாதம் 1,400 யூரோ. போட்டி கடுமை, ஆனால் அனுபவம் கட்டாயம் இல்லை. அவுஸ்திரேலிய அரசின் உதவித்தொகையும் இருக்கிறது, அதற்கு அனுபவம் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவை நம் ஆட்கள் ஏனோ கணக்கில் எடுப்பதில்லை. மும்பை டாட்டா சமூக விஞ்ஞான நிறுவகத்தின் அபிவிருத்திக் கற்கை முதுமாணிக்கு நல்ல பெயர். டெல்லியில் தென்னாசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இலங்கை மாணவருக்கான இந்திய அரசின் உதவித்தொகைகளில் முதுமாணிக்கு மௌலானா ஆசாத் பெயரில் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): இந்தப் பாடத்துக்கு விண்ணப்பித்தால் இங்கிலாந்து விசா சுகமாகக் கிடைக்கும், மனைவி பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம் என்று ஏஜென்சியில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. 2024 ஜனவரியிலிருந்து தொடங்கும், வகுப்பு வழி முதுமாணிகளுக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. ஆராய்ச்சிப் பட்டங்களுக்கும் அரச உதவித்தொகை பெறும் சிலருக்கும்தான் விலக்கு. இதைக்கூடச் சொல்லாத ஏஜென்சியிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். குடியேறுவதுதான் நோக்கம் என்றால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கு இந்தப் பாடம் சரியான வழி இல்லை.

கேள்வி (வேலை தேடும் பட்டதாரி, நல்லூர்): என்ஜிஓக்கள் எல்லாம் போய்விட்டன. இனி இதைப் படித்து என்ன வேலை?

பதில்: பாதி சரி. சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் இருந்த நிலை இனி வராது. வெள்ளை நிற வாகனங்கள் ஏ9இல் வரிசையாகப் போன காலம் முடிந்தது. 2025இல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எயிட் மூடப்பட்டது. பிரித்தானியா தன் உதவியை 2027க்குள் தேசிய வருமானத்தின் 0.3 வீதத்துக்குக் குறைக்கப் போவதாக அறிவித்திருக்கிறது. பணக்கார நாடுகளுக்கு ஐநாவில் 1970இல் வைத்த இலக்கு 0.7 வீதம். அங்கே வெட்டினால் இங்கே முதலில் போவது ஒப்பந்தத்தில் இருக்கும் கள உத்தியோகத்தரின் வேலை.

ஆனால் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அபிவிருத்தி வேலை என்றால் என்ஜிஓ மட்டுமா? பிரதேச செயலகத்தின் திட்டமிடல் கிளை, இலங்கைத் திட்டமிடல் சேவை, நிர்வாக சேவை, மாகாண சபைத் திணைக்களங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், வங்கிகளின் கிராமியக் கடன் பிரிவு எல்லாம் இதே வேலைதான். அபிவிருத்தி உத்தியோகத்தராகப் போய் மேசையும் கதிரையும் மட்டும் கிடைத்தது என்று சலிப்பவர்களைத் தெரியும். அதே பதவியில் இருந்துகொண்டு தன் பிரிவின் குளங்களை எல்லாம் வரைபடமாக்கியவரையும் தெரியும்.

கேள்வி (இரண்டாம் வருட மாணவி, திருநெல்வேலி): என்ன திறமை இருந்தால் எடுப்பார்கள்?

பதில்: எக்செல் நன்றாக. வரைபடம் செய்யும் மென்பொருளான கியூஜிஐஎஸ் ஓரளவு. கைபேசியில் தகவல் சேகரிக்கும் கோபோ போன்ற கருவியில் வினாக்கொத்து தயாரிக்க. அறிக்கை எழுத, முக்கியமாகச் சுருக்கமாக எழுத. சிங்களம் பேசத் தெரிந்தால் உங்கள் பெயர் பட்டியலில் மேலே போய்விடும்.

இவற்றை விடப் பெரியது, சரியான கேள்வியைக் கேட்கத் தெரிவது. ஒரு உதாரணம். வினாக்கொத்தில் “மாத வருமானம்” என்று ஒரு பெட்டி இருக்கும். வெங்காயம் செய்கிற ஒரு அம்மாவிடம் அதைக் கேட்டால் சிரிப்பார். கிண்டி விற்கும்போது மொத்தமாகக் காசு வரும், அதில் பாதி உரக்கடைக் கடனுக்குப் போகும், இடையில் கூலி வேலை, மகன் அனுப்பினால் உண்டு. “சேமிப்பு” என்ற பெட்டியில் “இல்லை” என்று போடுவோம். ஆனால் அவரின் இரண்டு காப்பும் விதைப்புக்கு அடகுக்குப் போய், விற்றதும் மீண்டு வந்து, கோயில் திருவிழாவுக்குக் கையில் ஏறும். சேமிப்பும் கடனும் அந்தக் காப்புத்தான். கூடவே சீட்டும் கட்டுவார், அதையும் படிவம் கேட்காது. அந்தத் தாளைக் கொழும்புக்கு அனுப்பினால் அவர் சேமிக்கத் தெரியாதவர் ஆகிவிடுவார், சேமிப்புப் பழக்கம் பற்றி அவருக்கு ஒரு செயலமர்வும் நடக்கும், வடையும் ரீயும் கொடுத்து. இதை முன்கூட்டிப் பிடிக்கிற ஆளைத்தான் எந்த நிறுவனமும் தேடுகிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற அதிகாரி, வட்டுக்கோட்டை): பிள்ளை, வெள்ளைக்காரர் நமக்கு நம்மைப் பற்றிப் பாடம் எடுப்பதுதானே இது?

பதில்: ஐயா, அந்தச் சந்தேகத்தோடு படிப்பதுதான் நல்லது. அந்தத் துறைக்குள்ளேயே இந்தச் சண்டை நடக்கிறது. நிபுணர்கள் தார் றோட்டு ஓரத்து ஊர்களை மட்டும், அதுவும் வெயில் காலத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று எழுதிய ரொபேர்ட் சேம்பர்ஸும் ஒரு ஆங்கிலேயர்தான். நம் மழைக்காலத்தில் முல்லைத்தீவு உள்வீதிகளில் எத்தனை ஜீப் போகிறது என்று தாங்களே அறிவீர்கள்.

நுண்கடனை, அதாவது ஏழைகளுக்குக் கொடுக்கும் சிறு கடனை எடுங்கள். 2006இல் வங்காளதேசத்தின் யூனுஸுக்கும் அவர் தொடங்கிய கிராமீன் வங்கிக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது உலகமே அதை மருந்தாகப் பார்த்தது. போருக்குப் பிறகு வடக்கில் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. கிழமைக்குக் கிழமை வசூலிக்க ஆள் படலையில் வந்து நின்றது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று. 2018இல் வரட்சியால் பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களை அரசாங்கமே பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. நம் ஊரில் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் அதற்கு எவ்வளவோ முன்பே இருந்தன, அவற்றை யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை ஆதாரத்தோடு எழுத நம் பிள்ளைகள் தேவை என்பதுதான் என் வாதம்.

மற்றது, எல்லாமே வெள்ளைக்காரர் கையில் இல்லை. சென்னை அடையாறில் 1971இல் அபிவிருத்தி ஆய்வு நிறுவனத்தை உருவாக்கிய மால்கம் ஆதிசேசையா தமிழர், யுனெஸ்கோவில் பிரதிப் பணிப்பாளர் நாயகமாக இருந்தவர்.

கேள்வி (தமிழ் மூல மாணவர், பருத்தித்துறை): ஆங்கிலம்தான் பயம்.

பதில்: பேச்சு தானாக வரும். எழுத்துத்தான் சிக்கல். இந்தப் படிப்பு முழுக்கக் கட்டுரை. ஐஈஎல்ரீஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 6.5 கேட்கும் இடங்கள் அதிகம், சில 7 கேட்கும். ரியூசனுக்குக் காசைக் கொட்டுவதற்கு முன் ஒரு காரியம்: உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி இரண்டும் இலங்கைத் திட்டங்களின் ஆவணங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. உங்கள் ஊருக்குத் தெரிந்த றோட்டோ தண்ணீர்த் திட்டமோ ஒன்றை எடுத்து வாசியுங்கள். விசயம் தெரிந்ததால் மொழி பயப்படுத்தாது. வாசித்ததை அரைப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, தெரிந்த ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள்.

கேள்வி (அதே சாவகச்சேரி மாணவி): பெறுபேறு வரும் வரை சும்மா இருக்கிறேன். இப்போதே ஏதாவது செய்யலாமா?

பதில்: மாவட்டச் செயலகம் வருடா வருடம் புள்ளிவிபரக் கைநூல் வெளியிடுகிறது. அதை எடுத்து உங்கள் பகுதியான தென்மராட்சிக்கான எண்களை மட்டும் எக்செலில் போடுங்கள்: குடும்பங்கள், வயல், கிணறு, பாடசாலை. அப்புறம் உங்கள் கிராம சேவையாளரிடம் போய், உங்கள் பிரிவுக்கான எண்ணையும் அது எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். காலை பத்து மணிக்கு முன் போனால் ஆள் இருப்பார்.