முதுகு ஊசித் தேதியைத் தள்ளாதீர்கள்: குழந்தைப் புற்றுநோய் கேள்வி-பதில்

குழந்தைக்குப் புற்றுநோய். மூளைக்குப் பரவுமா? (மேலூர்)

வயதும் இல்லை, எந்தப் புற்றுநோய் என்றும் இல்லை. இப்படி எழுதினால் நான் என்ன சொல்வது? சிறுநீரகக் கட்டி பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும். மூளைக்குப் போவது அபூர்வம். ரத்தப் புற்றுநோய் மூளையுறைக்குள் நுழையும். ரிப்போர்ட்டைப் பார்த்து மறுபடி எழுதுங்கள்.

மகளுக்கு 6 வயது, ரத்தப் புற்றுநோய். ஒரு மாத கீமோவில் ரத்தம் சுத்தமாகிவிட்டது. இனியும் முதுகில் ஊசி எதற்கு? கால் விளங்காமல் போகும் என்கிறார்களே? (உசிலம்பட்டி)

போகாது. தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. பிள்ளையை இறால் மாதிரி சுருட்டிப் படுக்கவைத்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழுந்ததும், மெத்தோட்ரெக்ஸேட் என்ற மஞ்சள் கீமோ மருந்தை அதற்குள் மெதுவாக ஏற்றுவோம். கையில் ஏற்றும் மருந்துகள் பலவும் மூளைக்குள் போதிய அளவு போவதில்லை. புற்றுநோய் செல் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். 1960-களில், ரத்தம் சுத்தமான பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மூளையுறையில் நோய் திரும்பியது. இன்று நூற்றுக்கு ஐந்து பேர் போலத்தான். தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் படிப்பும் வளர்ச்சியும் அடிபடும். இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தேவைப்படாததற்கு இந்த ஊசியும் ஒரு முக்கியக் காரணம்.

ஒரு வீட்டில் சித்திரைத் திருவிழா முடியட்டும், காதுகுத்து முடியட்டும் என்று மூன்று ஊசியைத் தள்ளினார்கள். நோய் மூளையுறைக்குப் போய், ஆடியில் பையன் வாய் ஒரு பக்கம் கோணி வந்தான். இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தேதியைத் தள்ளாதீர்கள்.

அண்ணனிடமிருந்து தம்பிக்கு ஒட்டுமா? (வாடிப்பட்டி)

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடட்டும். தம்பிக்குச் சளி, அம்மை என்றால் மட்டும் அண்ணனை விட்டுத் தள்ளி இருக்கட்டும்.

ஒரு வயதுப் பேரனை ஃபோட்டோ எடுத்தால் ஒரு கண் வெள்ளையாக மின்னுகிறது. (சோழவந்தான்)

இன்றே பஸ் ஏறுங்கள். மதுரை அண்ணாநகரிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. விழித்திரைக் கட்டியாக இருந்தால், கண்ணுக்குள் இருக்கும்போதே பிடித்து அநேகமாக எல்லாரையும் பிழைக்க வைக்கலாம். கண் நரம்பு வழியே மூளைக்கு ஏறிவிட்டால் கஷ்டம்.

கீமோவில் இருக்கும் பையனுக்குக் காலையில் தலைவலி, வாந்தி. பித்தமா? (திருமங்கலம்)

சுக்குக் கஷாயம் கொடுத்துப் பார்க்காதீர்கள். விடிகாலைத் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, வாய்க்கோணல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். முதுகு ஊசி போட்ட ஓரிரு நாளில், உட்கார்ந்தால் வலித்துப் படுத்தால் குறைவது வேறு. அதற்குப் படுக்கையும் நிறையத் தண்ணீரும் போதும். கடைசி ஊசி எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவே இல்லை. அந்தச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.